முதல் ரூபாயை எங்கே போடுவது: வீட்டு மீட்டரிலா, டிரான்ஸ்பார்மரிலா, பேட்டரியிலா?

2024 டிசம்பர் கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு பெரிய டெண்டர் ரத்தானது. சென்னையையும் சேர்த்து எட்டு மாவட்டங்களில் 82 லட்சம் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதற்கான டெண்டர் அது. விலை அதிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். யாருக்குப் போக இருந்தது, ஏன் போகவில்லை என்று ஊரே பேசியது. யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையில், எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

மின்கட்டமைப்பை நவீனமாக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்பெல்லாம் மின்சாரம் ஒரே திசையில் போனது: அனல் நிலையம், கோபுரம், துணை மின்நிலையம், டிரான்ஸ்பார்மர், வீடு. இன்றைக்கு மொட்டைமாடி சோலார் பகலில் எதிர்த்திசையில் தள்ளுகிறது. காற்றாலை ஆடியில் கொட்டிக் கொடுத்துவிட்டு ஐப்பசியில் கையை விரிக்கிறது. கோடை இரவில் ஊரிலுள்ள ஏசி எல்லாம் ஒன்றாக ஓடுகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இதையெல்லாம் ஃபோனில் பேசி, நோட்டில் எழுதிச் சமாளிப்பது இனி நடக்காது. ஆனால் பணம் அளவோடுதான் இருக்கிறது, கடனோ அளவில்லாமல் இருக்கிறது. அப்படியிருக்க முதல் ரூபாய் எங்கே போக வேண்டும்?

மூன்று இடங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஸ்மார்ட் மீட்டர். டிரான்ஸ்பார்மரிலும், துணை மின்நிலையத்திலிருந்து டிரான்ஸ்பார்மர்களுக்குப் போகும் ஃபீடர் என்ற மின்பாதையிலும் அளவியும் தானியங்கி சுவிட்சும். துணை மின்நிலையத்தில் பேட்டரி. மூன்றும் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். வரிசை சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் சுவரில் மீட்டர்

மத்திய அரசு காட்டும் வழி இதுதான். 2021-ல் அறிவித்த விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 97,631 கோடி. நாடு முழுவதும் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் என்பது இலக்கு. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒரு மீட்டர் விலையில் 15 சதவீதம், அதிகபட்சம் 900 ரூபாய், மானியமாகக் கிடைக்கும். மீதியைத் தனியார் நிறுவனம் முதலில் போட்டு, 93 மாதங்கள் பராமரித்து, மாதாமாதம் மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும்.

அந்த மீட்டர் செய்யும் வேலை நல்ல வேலைதான். அரை மணிக்கு ஒருமுறையோ பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையோ அளந்து, தானே அனுப்பிவிடும். பூட்டிய வீடு என்ற பிரச்சினை இல்லை. மின்சாரம் போனால் நாம் சொல்லாமலேயே அலுவலகத்துக்குத் தெரியும். இணைப்பைத் துண்டிக்க ஏணியோடு ஆள் வர வேண்டியதில்லை. எந்த நேரத்தில் எவ்வளவு எரித்தோம் என்று தெரிவதால், நண்பகலில் மலிவு, மாலையில் கூடுதல் என்று கட்டணம் வைக்கலாம். மத்திய அரசு 2023-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இந்தத் திசையில்தான் போகின்றன.

இனி நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டருக்கு, பொருத்திப் பராமரிக்கும் செலவெல்லாம் சேர்த்து, 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 900 போக 9,100. அதை 93 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 98 ரூபாய், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 200. இப்போது கணக்கீட்டாளர் வந்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போகிறாரே, அவர் ஒரு நாளைக்கு நூறு வீடுதான் பார்க்கிறார், ஒரு நாளுக்கு அவருக்கு ஆகும் செலவு 2,500 ரூபாய் என்று தாராளமாகவே போடுங்கள். வீட்டுக்கு 25 ரூபாய். அதாவது 25 ரூபாய் வேலைக்கு 200 ரூபாய். மிச்சம் 175 ரூபாயை வேறு எங்காவது மிச்சப்படுத்தியாக வேண்டும்: திருட்டைப் பிடித்தோ, வராத பாக்கியை வசூலித்தோ, உச்ச நேரத் தேவையைக் குறைத்தோ.

எங்கே திருட்டும் பாக்கியும் மலைபோல் இருக்கிறதோ அங்கே இந்தக் கணக்கு நேராகிவிடும். பீகார் ப்ரீபெய்டு மீட்டரில் முதலில் இறங்கியதற்குக் காரணம் அதுதான். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கிறது, அட்டை இருக்கிறது, கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள் என்ற பயமும் இருக்கிறது. இங்கே அந்த 175 ரூபாய் அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது.

அதிலும் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. 2016 மே முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022-ல் கட்டணத்தை மாற்றியபோது அரசு சொன்ன கணக்கின்படி 2.37 கோடி வீட்டு இணைப்புகளில் ஒரு கோடி இணைப்புகள் அந்த நூறு யூனிட்டுக்குள் நின்றுவிடுகின்றன. பில் பூஜ்யம். அந்த ஒரு கோடிச் சுவரிலும் மீட்டர் மாட்டினால், மேலே போட்ட கணக்குப்படி 9,100 கோடி ரூபாய். எதற்கு? பூஜ்யம் என்பதைத் துல்லியமாக அறிய.

மாதாமாதக் கணக்கெடுப்பு வரும், பில் குறையும் என்பதுதான் மக்களிடம் ஸ்மார்ட் மீட்டருக்கு இருக்கும் பெரிய ஈர்ப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 2022 செப்டம்பர் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் எரித்தால் 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அறுபது நாளில் வர வேண்டிய கணக்கீட்டாளர் அறுபத்து மூன்றாம் நாள் வந்தால் வயிறு எரியத்தான் செய்யும். இந்த விஷயத்தில் ஸ்மார்ட் மீட்டர் நமக்கு நல்லது, தேதி தவறாது.

ஆனால் மாதக் கணக்கு வரும்போது, இத்தனை யூனிட் வரை இந்த விலை என்ற படிநிலைகளைப் பாதியாக்குவார்களா, அப்படியே விடுவார்களா? பாதியாக்கினால், ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டு மே மாதம் முழுக்க ஏசி போடும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 100 யூனிட், அடுத்த மாதம் 400. இரண்டு மாதக் கணக்கில் மொத்தம் 500, பில் 1,725. பாதியாக்கிய மாதக் கணக்கில் முதல் மாதம் 112 ரூபாய் 50 காசு, அடுத்த மாதம் 2,275. மொத்தம் 2,387 ரூபாய் 50 காசு. அறுநூற்றுச் சொச்சம் அதிகம். குறைவதும் கூடுவதும் மீட்டர் கையில் இல்லை, கட்டண ஆணையின் கையில் இருக்கிறது. மாதக் கணக்குக்காக ஸ்மார்ட் மீட்டரை ஆதரிப்பவர்கள் முதலில் அந்த ஆணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.

வெளிநாடுகளில் இந்த வழியில் போனவர்களில் எனக்குப் பாடமாகத் தெரிவது இத்தாலியும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும். இத்தாலியில் எனெல் நிறுவனம் 2001-ல் தொடங்கி ஐந்தாறு வருடத்தில் ஏறக்குறைய மூன்று கோடி மீட்டர்களை மாற்றியது. அங்கே அது பலித்தது. நிறுவனம் தன் சொந்தப் பணத்தைப் போட்டது, தன் சொந்தச் செலவு எங்கே குறையும் என்று தெரிந்து போட்டது. விக்டோரியாவில் அரசு எல்லோரும் மாட்டியே ஆக வேண்டும் என்றது, செலவை பில்லில் ஏற்றியது. 2015-ல் தணிக்கையாளர் பார்த்தபோது செலவு 200 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியிருந்தது, பலனோ சொன்ன அளவுக்கு வரவில்லை. மீட்டர் வந்தது, அதை வைத்துச் செய்ய வேண்டிய கட்டண மாற்றம் வரவில்லை. மீட்டர் ஒரே மாதிரி இருந்தாலும் மாட்டும் காரணம் வேறாக இருந்தால் முடிவும் வேறாகிவிடும்.

பிரிட்டனில் வேறொரு கூத்து. முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்திருந்தவர்கள் மின் நிறுவனத்தை மாற்றியதும் பலருடைய மீட்டர் ஊமையாகிவிட்டது, மறுபடி ரீடிங் எடுக்க ஆள் தேவைப்பட்டது. மீட்டரின் ஆயுள் வேறு, அதற்குள் இருக்கும் மோடத்தின் ஆயுள் வேறு. நம் கையில் இருந்த 3ஜி ஃபோன் என்ன ஆனது என்று யோசித்தால் புரியும்.

ஜெர்மனி 2013-ல் கணக்குப் போட்டுப் பார்த்து, எல்லோருக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. வருடத்துக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் எரிப்பவர்களுக்கு முதலில் என்று 2016 சட்டம் போட்டார்கள். அதிலும் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள், அது வேறு கதை. ஆனால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

ப்ரீபெய்டு விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். 2024 மே மாதம் வதோதராவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடுத்த மாதமே மகாராஷ்டிர அரசு சாதாரண நுகர்வோருக்கு ப்ரீபெய்டு மீட்டர் கிடையாது என்று அறிவித்தது. முதலில் பணம், அப்புறம் வெளிச்சம் என்பதை நம் வீடுகள் ஏற்காது. இலவச யூனிட்டும் படிநிலைக் கட்டணமும் இருக்கும் இடத்தில் ரீசார்ஜ் கணக்கு யாருக்கும் விளங்கவும் விளங்காது.

தெருமுனையில் டிரான்ஸ்பார்மர்

இரண்டாவது வழிக்குப் படம் எடுத்துப் போட முடியாது, திறப்பு விழா வைக்க முடியாது. அதனால்தான் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்று நினைக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பா வைத்திருக்கும் மோட்டார்தான் எங்கள் குடும்பத்திலேயே முதலில் ஸ்மார்ட் ஆனது. சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர். வீட்டில் காபி குடித்துக்கொண்டே ஃபோனில் மோட்டாரைப் போடுவார், நிறுத்துவார். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடவும் வைத்திருக்கிறார். அவர் மட்டுமா? அந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேரும் அப்படியே. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பன்னிரண்டும் ஒரே நொடியில் கிளம்பினால்? 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும், பாவம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புத்திசாலி ஆனதில் நடுவில் இருக்கும் பெட்டி அடிவாங்குகிறது. ஸ்டார்ட்டரில் ஆளுக்கு ஒரு நிமிடம் தாமதம் வைத்தால் போதும், சித்தப்பாவிடம் சொன்னேன். "முதல்ல அவனுங்கள வைக்கச் சொல்லு" என்றார்.

அந்தப் பெட்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸில் ஒன்றில் 150 ஆம்பியர், இன்னொன்றில் 60 என்று ஓடிக்கொண்டிருக்கும். புது இணைப்பு கொடுக்கும்போது கைக்கு எட்டிய கம்பியில் மாட்டிக்கொண்டே போனதால் வந்த கோணல் அது. ஒரு ஃபேஸில் லோ வோல்டேஜ், அடுத்த தெருவில் பல்ப் பளீரென்று எரியும். டிரான்ஸ்பார்மரில் ஒரு அளவியும் மோடமும் இருந்தால் இது அன்றைக்கே தெரியும். சரிசெய்ய ஆகும் செலவு? இரண்டு லைன்மேனுக்கு ஒரு பிற்பகல் வேலை, சில இணைப்புகளை மாற்றிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான். அதிகச் சுமையில் எண்ணெய் சூடேறுவதும் இப்படித்தான் முன்கூட்டியே தெரியும். டிரான்ஸ்பார்மர் வெடித்த பிறகு புதிது வர எத்தனை நாள் ஆகும் என்று நாற்று நட்டவனைக் கேட்டுப் பாருங்கள்.

எண்ணிக்கையைப் பாருங்கள். மாநிலத்தில் விநியோக டிரான்ஸ்பார்மர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். நான்கு லட்சம் என்றே வைத்து, ஒன்றுக்கு 50,000 ரூபாய் என்று கையை விரித்துப் போட்டாலும் 2,000 கோடி. பூஜ்ய பில் வீடுகளுக்கு மட்டும் மேலே போட்ட 9,100 கோடியை இதோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டும் என் காகிதக் கணக்குத்தான், டெண்டர் விலை அல்ல. ஆனாலும் இடைவெளி கொஞ்சநஞ்சம் இல்லை.

இதைவிட முக்கியமான காரணம் விவசாய மின்சாரம். 23 லட்சத்துக்கு மேற்பட்ட பம்ப்செட் இணைப்புகள், பெரும்பாலும் மீட்டர் இல்லாதவை. எவ்வளவு ஓடுகிறது என்பது மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் அரசின் மானியமும் வாரியத்தின் இழப்புக் கணக்கும் நிற்கின்றன. பம்ப்செட்டில் மீட்டர் வைக்கிறேன் என்று எந்த அரசு சொல்லும்? 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். கொங்கு நாட்டில் அந்த நாளை இன்றும் நினைவுகூர்கிறார்கள். மீட்டர் வந்தால் அடுத்து பில் வரும் என்பது வெறும் சந்தேகம் இல்லை, அனுபவம். ஆனால் டிரான்ஸ்பார்மரில் அளந்தால் யாருடைய மோட்டாரையும் தொடவில்லை. மொத்தம் தெரிகிறது, தனி ஆள் தெரிவதில்லை. இந்த இடத்தில் அதுதான் வேண்டும்.

அளப்பது பாதி, செயல்படுவது மீதி. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தென்னை மட்டை 11 கேவி கம்பியில் விழுகிறது. ஃபீடர் முழுக்க அணைகிறது, ஆயிரக்கணக்கான வீடுகள் இருட்டில். லைன்மேன் டார்ச்சோடு வண்டியில் கம்பியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கம்பத்தில் இருக்கும் ஏ.பி. சுவிட்ச் என்ற கைச்சுவிட்ச் ஒன்றைத் திறந்து, துணை மின்நிலையத்துக்கு ஃபோன் போட்டு, மின்சாரத்தை விடச் சொல்லி "சார்ஜ் பண்ணுங்க" என்பார். மின்சாரம் நிற்காமல் மறுபடி அணைந்தால் அடுத்த சுவிட்ச். மழையில், பாம்பு நடமாடும் வரப்பில். தானியங்கி சுவிட்ச் இருந்தால் பழுது எந்தத் துண்டில் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வெட்டிவிட்டு, மற்ற வீடுகளுக்கு வேறு பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்துவிடும். லைன்மேன் நேராக மட்டை விழுந்த இடத்துக்கே போகலாம்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரம் இதைச் செய்தது. நகராட்சியின் சொந்த மின் நிறுவனம். 2009-ல் மத்திய அரசிடமிருந்து கிடைத்த 11 கோடி டாலர் சொச்சத்தோடு, ஊர் முழுக்கக் கண்ணாடி இழை கேபிள் போட்டு, ஏறக்குறைய 1,200 தானியங்கி சுவிட்ச் வைத்தார்கள். அதே கேபிளில் 2010-லேயே வீடுகளுக்கு நொடிக்கு ஒரு கிகாபிட் இணையமும் கொடுத்து வேறு வருமானமும் பார்த்தார்கள். 2012 ஜூலை புயலில் இருட்டாக இருந்த நேரம் பாதிக்கும் மேல் குறைந்தது.

நம் புயல்கள் அந்தப் புயல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். கம்பமே இல்லாத இடத்தில் சுவிட்ச் என்ன செய்யும்? வேதாரண்யத்துக்கும் பட்டுக்கோட்டைக்கும் முதலில் தேவை தாங்கும் கம்பம், முடிந்தால் பூமிக்கடியில் கேபிள். அதிலும் நிபந்தனை உண்டு. சென்னைக்காரர்களுக்குத் தெரியும், வெள்ளம் வந்தால் பூமிக்கடி கேபிள் வந்து சேரும் தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் எவ்வளவு பயங்கரம் என்று. எனவே கடலோர வட்டங்களில் இந்த இரண்டாம் வழிக்குள்ளேயே வரிசை மாறும்: முதலில் கம்பமும் உயரமான பெட்டியும், அப்புறம் சென்சார்.

இன்னொரு ஆபத்து, தூரத்திலிருந்து நாம் திறக்கக்கூடிய சுவிட்சை வேறொருவரும் திறக்கலாம். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் நிறுவனங்களின் கணினிகளுக்குள் யாரோ புகுந்தார்கள். ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்தது. ஏறக்குறைய 2,25,000 இணைப்புகள் இருட்டில். சில மணி நேரத்தில் மீண்டார்கள், எப்படி? ஆட்கள் வண்டியில் துணை மின்நிலையங்களுக்குப் போய்க் கையால் போட்டார்கள். பழைய கைச்சுவிட்ச் இன்னும் இருந்தது, போடத் தெரிந்த ஆளும் இருந்தார். தானியங்கி வந்துவிட்டது என்று களப்பணியாளர் இடங்களைக் காலியாகவே விட்டுவைப்பவர்கள் இந்தக் கதையைக் கேட்க வேண்டும்.

துணை மின்நிலையத்தில் பேட்டரி

மூன்று, நான்கு வருடத்துக்கு முன் எழுதியிருந்தால் இதை ஒரு வரியில் ஒதுக்கியிருப்பேன். இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு 2022-ல் இந்திய டெண்டர்களில் ஒரு மெகாவாட்டுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். 2024 முடிவில் மானியத்தோடு அது 2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. இந்த அளவுக்கு விலை விழுந்த பொருள் மின்துறையில் வேறு இல்லை. அதனால் இதில் அவசரப்படாமல், ஆனால் தூங்காமலும் இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், வீட்டு மீட்டர்போல மொத்தமாகத் தலையைக் கொடுக்கத் தேவையில்லை.

நண்பகல் சோலாரை மாலை ஏழு மணிக்குக் கொண்டுவருவது இதன் வேலை. ஆடிக் காற்றை ஐப்பசிக்குக் கொண்டுவர இதனால் முடியாது. பெரிய அளவில் சேமிக்க வேண்டுமென்றால் மலைதான் பேட்டரி. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களின் கடைசியிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது இறக்குவார்கள். ஸ்மார்ட் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே வந்த ஸ்மார்ட். ஆனால் இன்னொரு காடம்பாறைக்கு மலையைக் குடைய வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

சேமிப்பும் இல்லாமல் தூரக் கட்டுப்பாடும் இல்லாமல் சோலார் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று தொட்டதுதான் தொடக்கம். குரங்கை வைத்து நாள் முழுக்கச் சிரித்தார்கள். ஆனால் விடுமுறைப் பகலில் தேவை குறைவாக, சோலார் அதிகமாக இருந்ததால் கட்டமைப்பு ஒரு சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்கும் நிலையில் இல்லை என்பதே விஷயம். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரை சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் மூன்று மணி வரை அணைத்து வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை வேண்டுகோள் விட்டது. யோசித்துப் பாருங்கள், லட்சக்கணக்கில் செலவு செய்து கூரையில் ஏற்றியதை, அறிவிப்புப் போட்டுக் கெஞ்சி அணைக்க வேண்டிய நிலை. இங்கே மூன்று கிலோவாட் கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மானியம் கொடுக்கும்போதே, தூரத்திலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய இன்வெர்ட்டர்தான் வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால் பின்னால் வரும் தலைவலி பாதி குறையும்.

யார் பணம், யார் ஆள்

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்வி கூடவே வரும். தனியார் பணம் போட்டு மாதவாடகை வாங்கும் முறை, கையில் காசில்லாத மின்வாரியத்துக்கு வரமாகத் தெரியும். ஆனால் 93 மாதத்துக்கு நம் கணக்கு இன்னொருவர் சர்வரில் இருக்கும். கேரளம் அந்த முறையை மறுத்துவிட்டு, தன் மின்வாரியமே செலவு செய்யும் வழிக்குப் போனது. தொழிற்சங்கங்கள் அழுத்தியதும் ஒரு காரணம். மத்திய மானியத்தில் சிக்கல் வரும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். என் மனம் கேரளத்தின் பக்கம் சாய்கிறது, ஆனால் அதற்கு மென்பொருள் தெரிந்த சொந்த ஆட்களை வாரியம் வளர்க்க வேண்டும். கணக்கீட்டாளர்களுக்கு வேலை போகும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, டிரான்ஸ்பார்மர் தரவைப் பார்த்து எந்த ஃபேஸை எங்கே மாற்றுவது என்று சொல்ல, ஒவ்வொரு பிரிவு அலுவலகத்துக்கும் ஒரு ஆள் வேண்டுமே, தெரு தெருவாக நடந்த அவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

என் வரிசை இது. முதலில் எல்லா ஃபீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் அளவி, அடிக்கடி அணையும் ஃபீடர்களில் தானியங்கி சுவிட்ச், கடலோரத்தில் அதற்கும் முன்னால் கம்பம். இது நடக்கும்போதே, வீட்டு மீட்டரைத் தேர்ந்தெடுத்து வைக்கலாம்: கடைகள், மும்முனை இணைப்புகள், கூரை சோலார் வீடுகள், கார் சார்ஜர் வைத்திருப்பவர்கள், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுபவர்கள். நேரத்துக்கேற்ற கட்டணம் போட்டால் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வசதியும் காரணமும் உள்ளவர்கள் இவர்கள்தான். சென்னை தி.நகரில் சீர்மிகு நகரத் திட்டத்தில் ஏற்கெனவே ஒரு லட்சத்துக்கு மேல் ஸ்மார்ட் மீட்டர் மாட்டியாகிவிட்டது. அங்கே முதலில் இந்தக் கட்டணத்தைப் போட்டுப் பார்க்கலாமே. பூஜ்ய பில் வீடுகளில் இருக்கும் மீட்டர் பழுதாகும்போது மாற்றினால் போதும். பேட்டரி, சோலார் மின்சாரம் அதிகம் வந்து சேரும் துணை மின்நிலையங்களில் வருடத்துக்குக் கொஞ்சமாக.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. டிரான்ஸ்பார்மர் 1,000 யூனிட் கொடுத்தது என்று தெரியும், கீழே உள்ள வீடுகள் சேர்ந்து 850 என்று காட்டினால் மீதி 150 எங்கே போனது? வீட்டு மீட்டரும் அதே நொடியில் பேசினால்தான் தெரியும், இரண்டு மாத அட்டையை வைத்துக்கொண்டு தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். அப்படி 150 காணாமல் போகும் டிரான்ஸ்பார்மர்களைக் கண்டுபிடித்த பிறகு, அவற்றுக்குக் கீழே மட்டும் எல்லா வீட்டிலும் மாட்டலாம். எந்தத் தெருவில் ஓட்டை என்று தெரியாமல் ஊர் முழுக்கத் தோண்ட வேண்டாம் என்கிறேன்.

மீட்டர் விலை பாதியானால், இலவச யூனிட் கொள்கை மாறினால், அல்லது எல்லோர் வீட்டிலும் மின்சார ஸ்கூட்டர் நின்றால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டிவரும். சித்தப்பாவிடம் இதையெல்லாம் போன வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மீட்டர டிரான்ஸ்பார்மர்லதான மாட்டுவாங்க? நம்ம கொட்டாய்க்கு வரமாட்டாங்கல்ல?" இல்லை என்றேன். அப்படியானால் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். ஸ்டார்ட்டரில் ஒரு நிமிடத் தாமதம் வைப்பதைப் பற்றி மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.